தட்டு எவ்வளவு உயரம்?

வணக்கம் நேயர்களே. அம்பத்தூர் பக்கம் சரக்கு வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை நடத்துகிறேன். பிக்கப் வண்டிகள் வரவர உயர்ந்துகொண்டே போகின்றனவே, சுமை ஏற்றவும் இழுக்கவும் அந்த உயரம் உதவுகிறதா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

என் கணக்கில், உயரம் ஓட்டுபவருக்கு வசதி, ஏற்றி இறக்குபவருக்குத் தொல்லை. வண்டி வாங்கும்போது முதலாளி போவார், டிரைவர் போவார். லோடுமேனை யார் ஷோரூமுக்குக் கூட்டிப்போகிறார்கள்?

விடியற்காலையில் கோயம்பேடு மார்க்கெட்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முதுகில் வெங்காய மூட்டையோடு வருபவர் வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்புவார், லேசாகப் பின்னால் சாய்வார், மூட்டை தட்டில், அதாவது வண்டியின் பின்னால் சரக்கு வைக்கும் தளத்தில், உட்கார்ந்துவிடும். தட்டு இடுப்பளவில் இருந்தால்தான் இது நடக்கும். நெஞ்சு உயரத்துக்குப் போய்விட்டால் மேலே நின்று இழுத்துப்போட இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கூலி உண்டு. ஆள் இல்லையென்றால் தோள்பட்டைதான் கூலி கொடுக்கும். வீட்டு கேஸ் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கேஸ் 14.2 கிலோ, உருளையின் எடையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. நாள் முழுக்க அதை ஏற்றி இறக்குபவருக்கு அரை அடி என்பது சின்ன விஷயம் இல்லை.

2005-இல் டாடா ஏஸ் வந்தபோது நம் ஊர்க்காரர்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். விலையும் மைலேஜும் காரணம்தான், ஆனால் தாழ்ந்த தட்டையும் மடக்கி இறக்கும் பக்கப் பலகைகளையும் விட்டுவிடக் கூடாது. சந்துக்குள் எந்தப் பக்கம் இடம் இருக்கிறதோ அந்தப் பக்கம் திறந்து இறக்கலாம். 2016-இல் இந்தியாவுக்கு வந்த இசுசு வி-கிராஸ், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளில் தட்டு ஒரு தொட்டி மாதிரி, அதன் பக்கச் சுவர் அசையாது. பின்கதவு மட்டும்தான் திறக்கும். கேபினை ஒட்டி வைத்த ஒரு டூல் பெட்டியை எடுக்க, பக்கத்தில் நின்று கையை விட்டால் தொட்டியின் அடித்தளம் எட்டாது. தொட்டிக்குள் ஏறித்தான் ஆக வேண்டும். நம் காசிமேட்டு மீன்பாடி வண்டியைப் பாருங்கள், முழங்கால் உயரத்தில் பலகை. அதைக் கட்டியவருக்கு ஐஸ் பெட்டியின் எடை தெரியும்.

சரி, உயரத்துக்கு நியாயமே இல்லையா? இருக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்க வேண்டும், பெரிய டயர் போட வேண்டும், அப்போது வண்டி உயரத்தான் செய்யும். ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் போகும் என்கிறது டொயோட்டா. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த வேளச்சேரிக்காரர்களிடம் அது வீண் என்று நான் வாதாட மாட்டேன். பாரம் இழுக்கும் எஞ்சின் சூடாகும், அதற்குப் பெரிய ரேடியேட்டர் வேண்டும், அதனால் அமெரிக்கப் பெரிய பிக்கப்புகளின் முகமும் உயர்ந்தது. ஆனால் அந்த முகத்தில் பாதி ஜம்பத்துக்குத்தான் என்பது என் சந்தேகம். உயரம் கூட்டிய கம்பெனிகளே பின்கதவில் மடிப்புப் படியும் வைத்து விற்கின்றன. ராம் 1500 என்ற அமெரிக்க பிக்கப்பில் 2013 மாடலிலிருந்து, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை தாங்கும் சஸ்பென்ஷன் போட்டு, ஏறி இறங்கும்போது தாழ்த்திக்கொள்ள வழி செய்தார்கள்.

அப்புறம் இழுவை. நம் ஊரில் கூரை காங்கிரீட் போடும் நாளில், கலவை மெஷினை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துவருவார்களே, அதைக் கவனியுங்கள். மெஷினின் இழுகம்பி தாழ்வாக இருக்கும். உயரமான வண்டியில் மாட்டினால் மெஷினின் மூக்கு தூக்கிக்கொள்ளும். டிரெய்லருக்கும் இதே கதைதான். மூக்கு தூக்கினால் பாரம் பின்னால் நகரும், வேகம் எடுத்ததும் வால் ஆடும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் அழுந்த வேண்டும் என்பது பொது விதி. அதற்காகத்தான் கீழே இறங்கி வளைந்த இணைப்புக் கம்பி விற்கிறார்கள். வண்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு இறக்கம் அந்தக் கம்பியில் வேண்டும். இறக்கம் கூடக்கூட கம்பியும் கனமானதாக இருக்க வேண்டும், வேகத்தடையில் தரையில் இடிக்காமலும் இருக்க வேண்டும். இழுப்பதற்காகவே வாங்குபவர் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது.

விளம்பரத் தாளில் தரையிலிருந்து வண்டியின் அடிப்பகுதி எவ்வளவு உயரம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். தட்டு உயரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஷோரூமுக்கு ஒரு டேப் கொண்டுபோங்கள். பின்கதவைத் திறந்துவைத்துத் தரையிலிருந்து தட்டு வரை அளந்து பாருங்கள், பக்கச் சுவரையும் அளந்து பாருங்கள். காலி வண்டி பின்பக்கம் தூக்கலாகத்தான் நிற்கும். பாரம் ஏறினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கித் தாழும், ஆனால் முதல் மூட்டையை ஏற்றுவது காலி வண்டியில்தான். முடிந்தால் லோடுமேனையும் அழைத்துப்போய் ஒரு முறை திரும்பி நிற்கச் சொல்லுங்கள். விற்பனைப் பையன் ஒரு மாதிரி பார்ப்பான், பார்க்கட்டும்.

நன்றி, வணக்கம்.