பழைய தாளில் இருந்த முகம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். பத்திரிகைச் சுதந்திரம் குறித்தும் உலகெங்கும் செய்தியாளர்களுக்கு நேரும் ஆபத்துகள் குறித்தும் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது, நான் ஒரு நாளும் செய்தியாளராகப் பணியாற்றியவன் அல்லன் என்பதை முதலிலேயே அவர்களிடம் தெரிவித்துவிட்டேன். ஒரு தமிழ் நாளிதழின் நூலகப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எனவே பழைய தாள்களைக் காத்துவந்த ஒருவனின் பக்கத்திலிருந்தே இதைப் பார்க்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரிகிற ஒன்றைத்தான் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் பிரிவுக்குத் தினமும் விடியற்காலையில் மூன்று பிரதிகள் வரும். ஒன்று மாதக் கட்டாகத் தைத்து அட்டை போடுவதற்கு. மற்ற இரண்டும் வெட்டுவதற்கு. ஒரே தாளின் முன்புறத்தில் ஒரு செய்தியும் பின்புறத்தில் இன்னொரு செய்தியும் இருக்கும் அல்லவா, ஒன்றை வெட்டினால் மற்றது சிதைந்துவிடும், அதனால் இரண்டு பிரதிகள். பிளேடால் கீறி எடுத்து, வெள்ளைத் தாளில் கோந்து தடவி ஒட்டி, மேல் மூலையில் ஊதா மையில் தேதி முத்திரை குத்தி, ஊர்வாரியாகவும் ஆள்வாரியாகவும் கோப்பில் சேர்ப்போம். பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தால் தாள் பழுத்த வெற்றிலையின் நிறத்துக்கு வந்திருக்கும், விரல் பட்டால் ஓரம் பொடியாக உதிரும், ஆனால் எழுத்து அப்படியே இருக்கும். தேதியும் அப்படியே இருக்கும். அந்தத் தேதி முத்திரையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியாவுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அந்நாட்டின் தலைநகரம் பொகோட்டா. அங்கிருந்து வெளிவரும் 'எல் எஸ்பெக்டடோர்' என்ற நாளிதழை 1887ஆம் ஆண்டு மெடலீன் நகரில் தொடங்கியவர் ஃபிடெல் கானோ. அவருடைய பேரன் கியெர்மோ கானோ, 1952ஆம் ஆண்டில், இருபத்தேழு வயதில் அதன் ஆசிரியரானார். ராணுவ ஆட்சியின் நெருக்கடியால் 1956ஆம் ஆண்டு அந்த நாளிதழ் நின்றுபோன காலமும் உண்டு. அதையெல்லாம் கடந்து வந்தவர் அவர். இந்தக் கானோவின் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், இன்றும் அதைச் சற்று விரிவாகவே சொல்லப் போகிறேன், நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

1982ஆம் ஆண்டுத் தேர்தலில் மெடலீன் பகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு மாற்று உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பாப்லோ எஸ்கோபார் என்பவரும் ஒருவர். ஏழைகளுக்கு வீடு கட்டித் தருபவர், விளையாட்டுத் திடல்களுக்கு விளக்குப் போட்டுக் கொடுப்பவர் என்று அவரை ஊரே கொண்டாடியது. அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் துணிந்தவர்கள் மிகச் சிலர். 1983ஆம் ஆண்டு நீதித் துறை அமைச்சராகப் பொறுப்பேற்ற ரோட்ரிகோ லாரா பொனியா, இவருடைய செல்வம் கொகெய்ன் கடத்தலில் வந்தது என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். எஸ்கோபாரோ, ஆதாரம் இருந்தால் காட்டட்டும் என்று சவால் விட்டார். அவர் அப்படிச் சவால் விட்டதற்குக் காரணம் இருந்தது. அவர் மீது முன்பு தொடுக்கப்பட்ட வழக்கு தண்டனையில் முடிந்திருக்கவில்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர் கைகள் சுத்தமாக இருந்தன.

ஆனால் கியெர்மோ கானோவுக்கு அந்த முகத்தை எங்கோ பார்த்த நினைவு இருந்தது. எந்த ஆண்டு, எந்தச் செய்தி என்பது பிடிபடவில்லை, முகம் மட்டும் நினைவில் நின்றது. தம்முடைய நாளிதழின் பழைய கட்டுகளில் தேடத் தொடங்கினார். 1976ஆம் ஆண்டு ஜூன் மாதக் கட்டில் அது கிடைத்தது. மெடலீனில் 39 பவுண்டு கொகெய்னுடன் ஒரு கும்பல் பிடிபட்ட செய்தி. கைதானவர்களின் படங்களும் கூடவே இருந்தன. அவற்றில் ஒன்று, ஏழு ஆண்டுகள் இளையவராக இருந்த எஸ்கோபாரின் முகம். 1983ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி, அந்தப் பழைய செய்தியை 'எல் எஸ்பெக்டடோர்' மறுபடியும் வெளியிட்டது.

சற்று எண்ணிப் பாருங்கள். புதிதாக எவரையும் பேட்டி காணவில்லை, எந்த ரகசிய ஆவணமும் கசியவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒரு நிருபர் தம் அன்றாட வேலையாக எழுதிக் கொடுத்த செய்தி, அன்றைக்குப் பெரிதாக யாரும் பொருட்படுத்தாமல் கடந்துபோன செய்தி, ஒரு நூலகப் பிரிவின் அலமாரியில் தேதியோடு காத்திருந்தது. நீதிமன்றத்தில் நிலைக்காத வழக்கு, நாளிதழின் கட்டில் நிலைத்திருந்தது. எஸ்கோபாரின் ஆட்கள் அன்று மெடலீன் நகருக்கு வந்த பிரதிகளைக் கட்டுக் கட்டாக விலை கொடுத்து வாங்கி அப்புறப்படுத்தினார்கள். ஆனால் அன்றைய தாளை வாங்கிவிட முடிந்தவர்களால் பொகோட்டாவில் இருந்த 1976ஆம் ஆண்டுக் கட்டை வாங்க முடியவில்லை. அந்த 1983ஆம் ஆண்டிலேயே, நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் எஸ்கோபாருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு நீக்கப்பட்டது. அவருடைய அரசியல் வாழ்வு அத்தோடு முடிந்தது.

அதற்கான விலையையும் சொல்ல வேண்டும். அமைச்சர் லாரா பொனியா 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். கானோ எழுதுவதை நிறுத்தவில்லை. 'குறிப்பேடு' என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிவந்த பத்தியில், போதைப்பொருள் கும்பல்களைப் பற்றியும் அவர்களுக்குத் துணைபோகிறவர்களைப் பற்றியும் வாரந்தோறும் எழுதினார். 1986ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி, கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு மாலை, வேலை முடிந்து தம் காரைத் தாமே ஓட்டிக்கொண்டு அலுவலக வாயிலைக் கடந்து சாலையில் திரும்பினார். திரும்பும் இடத்தில் வண்டி வேகம் குறையும் என்பது அங்கே காத்திருந்தவர்களுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் சுட்டார்கள். அவருக்கு வயது அறுபத்தொன்று.

அதன் பிறகு நடந்ததையும் வானொலி நேயர்களாகிய நீங்கள் கேட்க வேண்டும். கொலம்பியாவின் செய்தித் துறை முழுவதும் ஒரு நாள் மௌனம் காத்தது. நாளிதழ்கள் வரவில்லை, தொலைக்காட்சியில் செய்தி இல்லை, வானொலியிலும் செய்தி இல்லை. காலையில் எழுந்து வானொலிப் பெட்டியைத் திருகும் மனிதருக்கு வழக்கமான செய்தி நேரத்தில் செய்தி வரவில்லை என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கானோவைப் போன்றவர்கள் எல்லாரும் இல்லாமற் போனால் நாடு எப்படி இருக்கும் என்பதை ஒரு நாள் முழுவதும் மக்கள் கேட்டார்கள்.

கானோவின் மகன்கள் இருவரும் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார்கள். கொலை வழக்கை விசாரித்து எஸ்கோபாருக்குப் பிடிவாரண்டு பிறப்பித்த நீதிபதி நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. கானோ குடும்பத்தின் வழக்கறிஞர் 1989ஆம் ஆண்டு மார்ச்சில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி காலை, நாளிதழின் கட்டடத்துக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்த லாரி ஒன்று வெடித்தது. கூரை பெயர்ந்தது, கண்ணாடிகள் நொறுங்கின, பலர் காயமடைந்தார்கள். மறுநாள் தாள் வந்தது. பக்கங்கள் குறைவு. முதல் பக்கத்தில் 'தொடர்ந்து முன்னே செல்கிறோம்' என்ற பொருளில் ஒரு தலைப்பு. உடைந்த கூரையின் கீழ் அந்த இரவில் எழுத்துக் கோத்தவர்களையும், அச்சு இயந்திரத்தை ஓட்டியவர்களையும், சிதறிய அலமாரிகளை நிமிர்த்தியவர்களையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்களுடைய பெயர்கள் எனக்குத் தெரியாமலேயே அவர்கள் எனக்கு உறவினர்கள் போல ஆகிவிட்டார்கள்.

மெடலீன் நகரில் அந்த நாளிதழின் விநியோகப் பணியைப் பார்த்தவர்களையும் கொன்றார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். பத்திரிகைச் சுதந்திரம் என்றால் ஆசிரியரும் நிருபரும் மட்டுமே நம் மனத்தில் வருகிறார்கள். தாளைக் கட்டுப் போடுகிறவர், வண்டியில் ஏற்றுகிறவர், கடையில் தொங்கவிடுகிறவர் ஆகியோர் உயிரும் அதில் பணயமாக இருக்கிறது. 1993ஆம் ஆண்டு டிசம்பரில் எஸ்கோபார் கொல்லப்பட்டார். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் கானோவின் கொலையில் தனக்குள்ள பொறுப்பை ஒப்புக்கொண்டு கொலம்பிய அரசு மன்னிப்புக் கேட்டது. முப்பத்தேழு ஆண்டுகள்.

என் சொந்த அனுபவத்தில் ஒன்றையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். நான் பணியாற்றிய நாளிதழ் புதிய கட்டடத்துக்கு மாறியபோது, இடம் போதாது என்று சொல்லி, ஏறத்தாழ இருபது ஆண்டுக் கட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டார்கள். தராசுத் தட்டில் கட்டுகளை ஏற்றியபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அட்டையைக் கிழித்துத் தனியாக வீசினார்கள், அட்டைக்கு எடை கிடையாதாம். எவரும் எங்களை மிரட்டவில்லை, எவரும் குண்டு வைக்கவில்லை. ஆனாலும் அந்த இருபது ஆண்டுகளில் எத்தனை முகங்கள் இருந்தன என்பதை இனி யாரும் தேடிப் பார்க்க முடியாது. இன்று இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள். இணையத்தில் இருக்கும் செய்தி ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ் வந்த மறுநாளே, சுவடு தெரியாமல் நீக்கப்படுவதையும் நான் பார்த்திருக்கிறேன். நீக்கப்பட்ட பக்கத்தில் ஊதா மைத் தேதி எங்கே இருக்கும்? இதை வலியுறுத்திச் சொல்வதற்காகவே இந்த அழைப்பை ஏற்றேன் என்றுகூடச் சொல்லலாம். செய்தியாளரைக் காப்பது குறித்துப் பேசும்போது அவர் எழுதியதைக் காப்பதையும் சேர்த்தே பேச வேண்டும். அவரைக் கொல்ல நினைப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறார்கள்.

கானோவின் பெயரால் 1997ஆம் ஆண்டு முதல் யுனெஸ்கோ ஒவ்வோர் ஆண்டும் உலகப் பத்திரிகைச் சுதந்திர விருது வழங்கிவருகிறது. ஒவ்வோர் ஆண்டும் மே 3ஆம் தேதி கடைப்பிடிக்கப்படும் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளையொட்டி அது வழங்கப்படுகிறது. 1991ஆம் ஆண்டு ஆப்பிரிக்கச் செய்தியாளர்கள் நமீபியாவின் விண்ட்ஹுக் நகரில் கூடி வெளியிட்ட பிரகடனத்தின் நினைவாக அமைந்த நாள் அது. அந்த விருதைப் பெற்றவர்களில், ரஷ்யாவின் அன்னா பொலித்கோவ்ஸ்கயாவுக்கு 2007ஆம் ஆண்டில் அவர் கொல்லப்பட்ட பிறகே அது வழங்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு விருதும் அவ்வாறே, நமக்கு மிக அருகில் இருந்த ஒருவருக்கு அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. கொழும்பிலிருந்து வெளிவந்த 'சண்டே லீடர்' வார இதழின் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க. 2009ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி காலை, காரில் அலுவலகம் சென்றுகொண்டிருந்தவரை மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் வழிமறித்துத் தாக்கினார்கள். பொகோட்டாவிலும் மோட்டார் சைக்கிள், கொழும்பிலும் மோட்டார் சைக்கிள். தாம் கொல்லப்படக்கூடும் என்று அறிந்து அவர் எழுதி வைத்திருந்த தலையங்கம் மூன்று நாள் கழித்து, ஜனவரி 11ஆம் தேதி இதழில் வெளிவந்தது. அந்தக் கொலைக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

இலங்கையைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்தை விட்டுவிட்டுப் போக என்னால் இயலாது. 2006ஆம் ஆண்டு உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள் மாநாட்டை யுனெஸ்கோ கொழும்பில்தான் நடத்தியது. அந்தச் சுதந்திர நாளுக்கு முந்தைய நாள், மே 2ஆம் தேதி, யாழ்ப்பாணத்தில் 'உதயன்' நாளிதழின் அலுவலகத்துக்குள் ஆயுதங்களோடு புகுந்தவர்கள் ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முன்பே 2000ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன், 2004ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன், 2005ஆம் ஆண்டில் கொழும்பில் கடத்தப்பட்ட தருமரத்தினம் சிவராம் என்று தமிழ்ச் செய்தியாளர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பலியானார்கள். அவர்கள் எழுதியவை எல்லாம் இன்று எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்பதுதான் என் போன்றவனுக்கு முதலில் எழும் கேள்வி. 'உதயன்' அந்தத் தாக்குதலோடு நின்றுவிடவில்லை என்பதை மட்டும் மன நிறைவோடு சொல்கிறேன்.

கொலைகளில் பெரும்பாலானவை தண்டனை இன்றியே போய்விடுகின்றன. யுனெஸ்கோ 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, செய்தியாளர் கொலைகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டுக்கு நீதி கிடைக்கவில்லை. கொல்லப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் போர்முனைக்குப் பறந்து செல்லும் புகழ்பெற்றவர்கள் அல்லர். தம் சொந்த ஊரில் இருந்துகொண்டு, தம் தெருவில் எதிர்ப்படும் மனிதர்களைப் பற்றி எழுதியவர்கள். எழுதிவிட்டு அதே தெருவில் மறுநாளும் நடக்க வேண்டியவர்கள்.

நிலையத்தார் கையசைக்கிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. மால்டா நாட்டுச் செய்தியாளர் தாஃப்னே கருவானா கலிஸியாவைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி கார் குண்டில் கொல்லப்பட்டபோது, அவர் மீது நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. அவர் எந்த ஊழல்களைத் தோண்டிக்கொண்டிருந்தாரோ, அவற்றை வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த நாற்பத்தைந்து செய்தியாளர்கள் பங்கு பிரித்துக்கொண்டு தொடர்ந்தார்கள், 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரே நேரத்தில் வெளியிட்டார்கள். ஒருவரைக் கொன்றவர்கள் நாற்பத்தைந்து பேரை எதிர்கொள்ள நேர்ந்தது. வானொலிக்கு உரிய ஒரு தேதியும் இருக்கிறது, நவம்பர் 2. 2013ஆம் ஆண்டு அந்த நாளில் மாலி நாட்டின் கிடால் ஊரில் ஒரு பேட்டியை முடித்து வெளியே வந்த பிரெஞ்சு வானொலியின் கிஸ்லேன் துபோனும், ஒலிப்பதிவாளர் குளோத் வெர்லோனும் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். செய்தியாளர்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையின்மையை ஒழிக்கும் நாளாக ஐக்கிய நாடுகள் சபை அந்தத் தேதியைக் குறித்திருக்கிறது. அவர்களைப் பற்றி இன்னும் சொல்ல ஆசைதான், மணி ஆகிவிட்டது. வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.