இளைப்பு வந்த இரவை எப்படி வரைவது?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "சின்ன வயதில் எனக்கு ஆஸ்துமா. 2013 புகைமூட்டத்தின்போது ரொம்பவும் அவதிப்பட்டேன். அதை மூன்று நிமிட அனிமேஷன் படமாக எடுக்க ஆசை. எழுதி எழுதிப் பார்க்கிறேன், எல்லாம் மருத்துவ விளம்பரம் மாதிரியே வருகிறது. எங்கே தொடங்குவது?"

எழுதியதைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள் தங்கச்சி. ஒலியிலிருந்து தொடங்குங்கள்.

உங்களுக்கு 2013, எனக்கு 1997. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடு எரிந்த புகை இங்கே வந்து மூடிய வருடம். அப்போது எனக்கு ஆறு வயது. அந்த இரவுகளில் நான் பார்த்தது அதிகம் ஞாபகம் இல்லை, கேட்டது அப்படியே இருக்கிறது. இளைப்பு வந்தவர்களுக்குத் தெரியும், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. சுவாசக் குழாய் சுருங்கி, உள்பக்கம் வீங்கி, சளியும் சேர்ந்துகொள்ளும். அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்று வெளியே வரும்போதுதான் விசில் மாதிரி சத்தம். உங்கள் படத்தின் தாளம் அதுதான்.

அந்த இரவுகளை நானும் அனிமேஷன் படமாக எடுத்தேன், அதில் செய்ததைச் சொல்கிறேன். நொடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம். மூச்சை இழுக்க 6 படம், விட 18 படம் என்று வைத்துக்கொண்டேன். குழந்தையின் நெஞ்சைப் பெரிதாக ஏற்றி இறக்கவே இல்லை. ஒரே படத்தை மூன்று முறை, ஒன்றின் மேல் ஒன்றாகத் தாளை வைத்து, மறுபடி வரைவேன். எவ்வளவு கவனமாக வரைந்தாலும் கோடு ஒரு மயிரிழை விலகும். அந்த மூன்றையும் மாற்றி மாற்றி ஓடவிட்டால் பையன் அசையாமல் உட்கார்ந்திருப்பான், அவனைச் சுற்றியுள்ள கோடு மட்டும் நடுங்கும். மருந்தை ஆவி மாதிரி மூச்சில் தரும் நெபுலைசர் கருவியை வைத்த பிறகு வரும் காட்சியில் ஒரே படத்தை அப்படியே நிறுத்திவிட்டேன். நடுக்கம் நின்றுவிடும். வேறு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

விசில் சத்தத்துக்காக நீங்கள் மூச்சை இறுக்கிப் பதிவு செய்ய வேண்டாம், தயவு செய்து. மாமா வீட்டில் பஜனைக்கு வைத்திருந்த பழைய ஆர்மோனியம் ஒன்று. துருத்தியை மெதுவாக அழுத்தி, ஒரு கட்டையைப் பாதி மட்டும் தொட்டால் காற்றும் சுரமும் கலந்து ஒரு சத்தம் வரும். அதைத்தான் பயன்படுத்தினேன்.

சரி, கதைக்கு வருவோம். நாங்கள் இருந்தது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பழைய அடுக்குமாடி புளோக், ஏழாவது மாடி. 2001ல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகே பழைய புளோக்குகளில் படிப்படியாக எல்லா மாடியிலும் மின்தூக்கி நிற்கத் தொடங்கியது. அதற்கு முன் எங்கள் புளோக்கில் ஒன்று, ஐந்து, ஒன்பது மட்டும்தான். நடுராத்திரியில் அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மாடி இறங்குவார், நாலைந்து படிக்கு ஒருமுறை நிற்பார். பாவம், கால் வலி என்று நினைத்திருந்தேன். படத்திலும் அப்படித்தான் வரைந்தேன், முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அம்மா.

பாதிப் படம் முடிந்த பிறகு அம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "காலெல்லாம் நல்லாத்தாண்டா இருந்துச்சு. செருப்புச் சத்தத்துல நீ மூச்சு விடுறது கேக்கல. அதான் நின்னு நின்னு கேட்டேன். அப்புறம் செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டேன்."

அந்தக் காட்சியை முழுவதும் மறுபடி வரைந்தேன். இப்போது படத்தில் செருப்புச் சத்தம் வரும், நிற்கும். அம்மா குனிந்து செருப்பைக் கழற்றுவார். அதற்குப் பிறகு ஐந்தாவது மாடிவரை வெறும் காலும் அந்த மூச்சும்தான்.

ஆகவே, 2013ல் உங்களோடு விழித்திருந்தவர் அம்மாவோ பாட்டியோ, வரைவதற்கு முன்பே அவரோடு போய் உட்காருங்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். "கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள், அழுகைதான் வரும். "அன்னைக்கு ராத்திரி என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். கை என்ன செய்தது, எந்த விளக்கைப் போட்டார், கோடாலித் தைலம் எந்த டிராயரில் இருந்தது, அதெல்லாம் தானாக வரும். விளம்பரத்தில் இல்லாதது அதுதான்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கிருதாவும் பிளெண்டரும் இலவசம், இரண்டிலும் கையால் வரைந்து அசைக்கலாம். மூன்று நிமிடத்துக்கு நொடிக்கு 12 வீதம் 2,160 படம் ஆகும். ஆனால் நடுங்கும் கோட்டுக்கு மூன்றே படம் போதும் என்று சொன்னேனே, அதனால் உண்மையில் வரைவது நிறையக் குறையும்.

முதலில் படமே இல்லாமல் மூன்று நிமிட ஒலியை மட்டும் கோத்து முடியுங்கள். முடிந்ததும் அனுப்புங்கள், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன்.