சுக்கும் மயக்க மருந்தும்: காரைக்குடியில் பேசியது

ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். முகப்பில் இடமில்லாமல் வளவு வரைக்கும் நிற்கிறீர்கள், அதனால் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டராக நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பித்தப்பை ஆபரேஷனுக்குக் காலை ஆறு மணிக்கு வந்த ஒரு ஆச்சி, கூடையிலிருந்து எவர்சில்வர் தூக்கை எடுத்தார்கள். மூடியைத் திறந்ததும் அறை முழுக்கக் கருப்பட்டி வாசம். "தம்பி, சுக்குக் கசாயம். இதைக் குடிச்சிட்டுப் படுத்தா வாந்தி வராதுல்ல?" முந்தைய ஆபரேஷனில் மயக்கம் தெளிந்த பிறகு ராத்திரி முழுக்க வாந்தி, தையல் பிய்ந்துவிடுமோ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே கிடந்தார்களாம்.

ஆச்சி கேட்டதில் தப்பே இல்லை. முழு மயக்கம் கொடுத்தால் 100 பேரில் சுமார் 30 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வரும். பெண்களுக்கும், பஸ்ஸில் போனாலே குமட்டுகிறவர்களுக்கும் இன்னும் அதிகம். 1990இல் லண்டனில் பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 60 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். இஞ்சிப் பொடி சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல் குறைந்தது, வழக்கமான வாந்தி மருந்துக்கு ஈடாகவே நின்றது. பிறகு வந்த ஆய்வுகளில் சில அதையே சொன்னன, சில சொல்லவில்லை, ஆனாலும் நம் அஞ்சறைப் பெட்டிச் சரக்குக்கு இது சின்ன விஷயமில்லை.

அப்புறம் ஏன் ஆச்சியைக் குடிக்க விடவில்லை? லண்டன் ஆய்வில் கொடுத்தது அளந்த பொடி, 1 கிராம். இங்கே ஒரு தூக்குக் கசாயம். மயக்கத்தில் இருமல்கூட வராது, வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேரே நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அது உயிருக்கே ஆபத்து. தெளிந்த தண்ணீரைக்கூட 2 மணி நேரம் முன்னாடியே நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

இதைவிட எனக்குப் பயம், சொல்லாமல் சாப்பிடுவதில். தூக்கத்துக்கு அமுக்கரா சூரணம் சாப்பிட்டால் மயக்கம் தெளிய நேரமாகலாம். கொழுப்பு குறையப் பூண்டு மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் உறையத் தாமதமாகலாம். "மூலிகைதானே, இதை எதுக்கு டாக்டர்கிட்ட சொல்லணும்" என்கிறீர்கள். வேலை செய்கிற பொருள் என்பதால்தான் சொல்லச் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்னாடியே, டப்பாவோடு கொண்டுவந்து மயக்க டாக்டரிடம் காட்டுங்கள். திட்டமாட்டோம்.

அந்த ஆச்சிக்கு ஆபரேஷனின்போதே வாந்திக்கு ஊசி போட்டோம். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் போனபோது தலையணையில் சாய்ந்தபடி, புதிதாகப் போட்ட கசாயத்தை டம்ளரில் ஆற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.