கருங்காலி என்ற சொல்

(வடசென்னையின் பட்டாளம் பகுதியில் நடந்த மே தினக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, டீக்கடை ஓரமாக நின்று கேட்கும் தம்பிகளே,

நான் பிறந்தது இதே பட்டாளம். எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தது. ஆனால் ஆயா அதைப் பார்த்து நான் கண்டதில்லை. பின்னி மில் சங்கு ஊதினால் உலை வைப்பாள். 1996இல் மில்லை மூடிய பிறகு எங்கள் வீட்டில் சோறு நேரத்துக்கு வேகவில்லை. சம்பளம் நின்ற வீட்டில் அதற்கு வேறு காரணமும் இருந்தது, உங்களுக்குத் தெரியாததல்ல.

பொது வேலைநிறுத்தம் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஊர் மொத்தமும் ஒரே நாளில் வேலையை நிறுத்துவது. அமெரிக்காவில் தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றிச் சுற்றிப் புளியந்தோப்புக்குத்தான் வருவேன்.

சியாட்டில் ஒரு துறைமுக நகரம். நம் ராயபுரம், காசிமேடு போல உப்புக்காற்று அடிக்கிற ஊர். போர்க்காலத்தில் கப்பல் கட்டியவர்களுக்குக் கேட்ட கூலி கிடைக்கவில்லை. 1919 ஜனவரியில் சுமார் 35,000 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். 'கூலியை ஏற்றாதே' என்று முதலாளிகள் சங்கத்துக்கு அரசு அதிகாரி ஒருவர் தந்தி அடித்தார். தந்திக்காரப் பையன் அதைக் கொண்டுபோய்த் தொழிலாளர் சங்கத்தில் கொடுத்துவிட்டான்! இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். பாவம் பையன், என்ன செய்வான்? அப்புறம் கேட்கவா வேண்டும். பிப்ரவரி 6ஆம் தேதி காலை பத்து மணிக்கு ஊரே நின்றது. 100க்கு மேற்பட்ட சங்கங்கள், கப்பல் கட்டியவர்களையும் சேர்த்து 60,000க்கும் அதிகமான ஆட்கள்.

நிறுத்துவது சுலபம். நின்ற ஊருக்குச் சோறு போடுவதுதான் பெரும்பாடு. குழந்தைகளுக்கென்று 35 இடங்களில் பால் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரித் துணி வெளுப்பதற்கு அனுமதித்தார்கள். சமையற்காரர்கள் சங்கம் பொதுச் சமையல் நடத்தியது. முதல் நாள் சாப்பாடு வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. பிறகு சுதாரித்துக்கொண்டு ஒரு நாளைக்கு 30,000 சாப்பாடு வரை போட்டார்கள். மாட்டுக்கறிக் குழம்பு, ரொட்டி, காபி. நம்ம ஏரியாவில் நடந்திருந்தாலும் இதே மெனுதான்! காவலுக்கு நின்ற பழைய சிப்பாய்கள் கையில் ஆயுதம் இல்லை. மேயர் ஓலே ஹான்சன் ராணுவத்தை அழைத்தார். சுட வேண்டிய அவசியமே வரவில்லை. 11ஆம் தேதியோடு வேலைநிறுத்தம் முடிந்தது. கூலி உயரவில்லை.

அந்தக் கதையில் எனக்கு முள்ளாகக் குத்துவது ஒன்றுண்டு. அங்கிருந்த ஜப்பானியத் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். கமிட்டியில் வந்து உட்காரலாம், ஆனால் ஓட்டு கிடையாது என்றார்கள். பட்டினிக்குக் கூட்டு, முடிவுக்கு இல்லை.

இப்போது பெரம்பூர். சியாட்டிலுக்கு ஒரு வருஷம் முன்பே, 1918 ஏப்ரல் 27ஆம் தேதி, இங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்துவிட்டது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரம் கையலம்பக்கூடப் போதவில்லை என்று பின்னி மில் ஆட்கள் வந்து முறையிட்ட இடம் செல்வபதி செட்டியார் கடை. அவரோடு ராமானுஜுலு நாயுடு. தலைவர் பி.பி. வாடியா. தோள் கொடுத்தவர் கலியாணசுந்தர முதலியார், நம் திரு.வி.க. 1920இல் கதவடைப்பு, துப்பாக்கிச் சூடு. நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டு நீதிமன்றத் தடையும் வாங்கியது. சங்கம் வைத்ததே குற்றம் என்கிற இந்தக் கூத்தின் எதிரொலிதான் 1926இல் வந்த தொழிற்சங்கச் சட்டம்.

1921 ஜூனிலிருந்து அக்டோபர் வரை மறுபடி வேலைநிறுத்தம். இந்த முறை ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் மில்லுக்குள் போனார்கள். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜாவும் போகத்தான் சொன்னார். அன்றைக்கு அவர்கள் மேல் விழுந்த பட்டம்தான் 'கருங்காலி', வேலைநிறுத்தத்தை முறிக்கிறவன் என்று. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. மில்லில் ஒரே கூரைக்கடியில் வேலை செய்தவர்கள் தெருவில் கல்லும் கழியுமாக நின்றார்கள். ஆகஸ்டில் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அன்று மாகாணத்தை ஆண்ட ஜஸ்டிஸ் கட்சிக்குள்ளேயே இதனால் விரிசல். கடைசியில் சங்கம் தோற்றது.

நான் சங்கத்துக்காரன். வேலைநிறுத்தத்தை முறிக்கிறவனை நியாயப்படுத்த இந்த மேடை ஏறவில்லை. ஆனால் சற்று முன் சொன்ன பெயர்களைத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். செட்டியார், நாயுடு, முதலியார், ஒரு பார்சிக்காரர். முந்தைய கதவடைப்பில் வாங்கிய கடனே அடையாமல் சேரியில் இருந்தவன், 'அடுத்த பட்டினி எப்போது' என்று முடிவெடுக்கிற இடத்தில் எங்கே உட்கார்ந்திருந்தான்? நிர்வாகமும் அரசாங்கமும் அந்த இடைவெளிக்குள் ஆப்பு வைத்தன, உண்மை. விறகில் வெடிப்பு இருந்தால்தானே ஆப்பு இறங்கும்? திரு.வி.க. மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இதை வாய்விட்டுச் சொல்கிறேன்.

1923இல் சிங்காரவேலர் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். நாம் வருஷா வருஷம் அதைச் சொல்லிக் கைதட்டுகிறோம், தட்டத்தான் வேண்டும். அதற்கு இரண்டே வருஷம் முன்னால் எரிந்த குடிசைகளைப் பற்றி இந்த மேடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. நானும் இத்தனை வருஷம் பேசவில்லை.

ஆயாவின் அப்பா மில்லில் நெசவுப் பக்கம் இருந்தவர். 1921இல் அவர் வெளியே நின்றாரா, உள்ளே போனாரா என்று ஒரு நாள் ஆயாவிடம் கேட்டேன். முறத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சங்கு ஊதற நேரமாச்சுடா" என்று எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள்.

அப்போது மில்லை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.