நாய்க்கு ஏற்ற இடம் வெளிக்கூண்டா, வீட்டுக்குள்ளா? ‘வீட்டுக்குள்ளேதான்’ அணியின் உரை

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். பேச வேண்டியது நிறைய, கொடுத்த நேரம் கொஞ்சம். நேராக வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு பழமொழி சொன்னார். முழுசாகச் சொல்லவில்லை. ‘நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்...’ என்று இழுத்துவிட்டு உங்களைப் பார்த்தார். மீதியை நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். என்ன கைதட்டல்! அந்தக் கைதட்டலோடு வழக்கு முடிந்துவிட்டது என்று ஐயா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஐயா, கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். குறிப்பில் எழுதி வந்ததை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் பழமொழியைத்தான் கையில் எடுக்கப்போகிறேன்.

முதல் கேள்வி. அந்த நாயை நடுவீட்டில் எத்தனை நாள் வைத்தார்கள்? ஒரே நாள்! அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது? தெருவில், குப்பை மேட்டில், வாசலுக்கு வெளியே. வாழ்நாள் முழுக்க வெளியே விட்டுவிட்டு, ஒருநாள் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி உள்ளே தூக்கி வைத்தால் அது எப்படி இருக்கும்? நாய்க்குட்டிக்கு ஒரு பருவம் உண்டு. பிறந்த 3-வது வாரத்திலிருந்து 12, 14-வது வாரம் வரை. அந்த நாட்களில் பார்ப்பது, கேட்பது, மோந்து பார்ப்பது எல்லாம் அதற்கு ‘நம்முடையது’ ஆகிவிடும். குழந்தை அழுகிற சத்தம், பாத்திரம் விழுகிற சத்தம், தாத்தா கைத்தடி ஊன்றி நடக்கிற சத்தம் எல்லாவற்றையும் அப்போது கேட்டு வளர்ந்த நாய், பிறகு அவற்றைக் கண்டு மிரளாது. அந்தக் காலம் முழுக்கக் கூண்டுக்குள் கழித்த நாய்க்கு ஓடிவருகிற குழந்தையே ஒரு பயம். பயந்த நாய்தான் பெரும்பாலும் கடிக்கிறது. ‘பாருங்கள், நாயை உள்ளே விட்டால் ஆபத்து’ என்கிறது எதிரணி. அந்த ஆபத்தை வளர்த்ததே உங்கள் கூண்டுதான், ஐயா!

இரண்டாவது கேள்வி. குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த நாய் எங்கே போயிற்று? வெளியே. எதற்கு? இங்கேதான் எல்லோரும் சிரிக்கிறீர்கள். நான் கேட்கிறேன், அது நடுவீட்டிலேயே காரியத்தை முடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்களா? நாய் தான் படுக்கிற இடத்தை அசுத்தம் செய்ய விரும்பாது. மூன்று வாரக் குட்டி, நடையே இன்னும் தள்ளாட்டம், அந்தக் குட்டிகூடத் தாயும் மற்ற குட்டிகளும் படுத்திருக்கும் இடத்தை விட்டுத் தள்ளிப்போய்த்தான் இருந்துவிட்டு வரும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப்போக வேண்டும். குட்டிக்கு எத்தனை மாதமோ ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அதனால் அடக்க முடியும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆக, உங்கள் பழமொழியில் வருகிற நாய் வாலைக் குழைத்துக்கொண்டு வெளியே போனதே, அது வீட்டை மதித்து வெளியே போன நாய்! எங்கள் அணிக்குச் சாட்சி சொல்ல வந்த நாய்!

நன்றி. இந்தக் கைதட்டலை ஐயாவும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். ஆனால் கைதட்டியவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். படுக்கிற இடத்தை அசுத்தம் செய்யாத அந்த ஜீவனை நான்குக்கு நான்கு அடிக் கூண்டில் அடைக்கிறோம். இரவு முழுக்கத் தாழ்ப்பாள். எங்கே போகும்? அடக்கிப் பார்க்கும், அழுது பார்க்கும். கடைசியில் தான் படுக்கிற இடத்திலேயே இருந்துவிடும். சில மாதம் இப்படிப் போனால், பிறவியிலேயே வந்த அந்தச் சுத்தப் பழக்கம் கெட்டுப்போகும். அப்புறம் ஒருநாள் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, ‘இதற்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று மறுபடி கூண்டுக்கே அனுப்புகிறோம். பழமொழி அந்த நாயைத்தான் பார்த்திருக்கிறது.

சரி, பழமொழியை விடுகிறேன். என் பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

பெரியப்பா கண்டிப்பானவர். பேரன் அழுது அடம்பிடித்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தபோது, ‘வளரட்டும். ஆனா வாசப்படி தாண்டக் கூடாது’ என்று ஒரே வரியில் சட்டம் போட்டார். அதோடு விடவில்லை. கொத்தனாரை வரவழைத்துக் கூண்டு கட்டினார். சிமெண்ட் தரை, தகரக் கூரை, கம்பிக் கதவு. கதவுக்கு மேலே ‘மணி’ என்று பெயிண்டில் பெயர்கூட எழுதவைத்தார். பெரியம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: “நமக்கு வீடு கட்டினப்பகூட நீங்க இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டலையே!”

மணிக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. இரவெல்லாம் அழுதது. ‘ரெண்டு நாள்ல பழகிடும்’ என்றார் பெரியப்பா. பழகவில்லை. ஒருநாள் இடி மின்னலோடு மழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். பெரியப்பா புரண்டு புரண்டு படுத்தார். கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டார். ‘இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் வராந்தாவுல கிடக்கட்டும்.’ மழை நின்றது. மணி திரும்பிப் போகவில்லை.

அடுத்தது வாசற்படி. பெரியப்பா காலையில் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மணி வந்து நிற்கும். முன்னங்கால் இரண்டும் உள்ளே, பின்னங்கால் இரண்டும் வெளியே. பெரியப்பா பேப்பரைக் கீழே இறக்குவார். மணி சிலை மாதிரி நிற்கும். பேப்பர் மேலே போகும். மணி ஒரு அங்குலம் உள்ளே வரும். பேப்பர் இறங்கும். மறுபடி சிலை. சட்டம் என்ன? வாசற்படி தாண்டக் கூடாது. மணி தாண்டவில்லையே, பாதிதானே வந்திருக்கிறது! பெரியப்பாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பாதி முக்கால் ஆயிற்று. முக்கால் ஆகி, கடைசியில் உடம்பு முழுக்கக் கூடத்தில், வால் மட்டும் வாசற்படிக்கு வெளியே. பெரியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஏங்க, வால் வெளியதான இருக்கு? சட்டப்படி சரிதானே?” என்றார். பெரியப்பா பேப்பரை மடித்து வைத்தார். மணியைப் பார்த்தார், வாலைப் பார்த்தார். “அந்த வாலையும் உள்ள எடுத்துக்கச் சொல்லு. கதவைச் சாத்தணும், கொசு வருது!”

அன்றைக்குச் சாத்திய கதவுதான். மணிக்கும் கூண்டுக்கும் இருந்த உறவு அதோடு முடிந்தது. கூண்டில் இப்போது பழைய சாமான்கள் கிடக்கின்றன. மேலே பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். இதே கதையை மணியின் பக்கமிருந்தும் கேளுங்கள். நேற்றுவரை தாய், கூடப் பிறந்த குட்டிகள் எல்லோரோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கிய குட்டி அது. இன்று யாரும் இல்லை. ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது. உள்ளே சிரிக்கிறார்கள். மனிதனுக்கு மூக்கில் வாசனை அறிகிற செல்கள் 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கும் மேல். சாத்திய கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், யார் சாப்பிடுகிறார்கள் என்று அதற்குத் தெரியும். தன்னை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள் என்பதுதான் தெரியாது. இடி விழுகிறது. நமக்குக் கேட்காத சத்தமும் அதற்குக் கேட்கும். ஓடி ஒளிய இடமில்லை, நான்கு பக்கமும் கம்பி. விடிந்தால் வெயில். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்வை. மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அதன் உடம்புச் சூடே சாதாரணமாக 38, 39 டிகிரி செல்சியஸ். தகரக் கூரைக்கு அடியில் காற்றே கொதிக்கும்போது மூச்சிரைத்து என்ன ஆகும்? அப்படியே சுருண்டு விழும் நாய்கள் உண்டு. பெரியப்பா நல்ல மனசோடுதான் கட்டினார். பார்த்துப் பார்த்துத்தான் கட்டினார். அப்படிக் கட்டிய கூண்டே இப்படி என்றால், ஏனோதானோ என்று கட்டிய கூண்டுகளை நினைத்துப் பாருங்கள்.

எதிரணியில் பேசிய அம்மா, பனிநாட்டில் வண்டி இழுக்கும் நாய்கள் வெளியேதானே தூங்குகின்றன என்றார். உண்மைதான். அவற்றுக்கு இரட்டை அடுக்கு ரோமம். அதைவிட முக்கியம், பகல் முழுக்கத் தன் மனிதனோடும் தன் கூட்டத்தோடும் ஓடிவிட்டு வந்து தூங்குகிற நாய் அது. தனியாகக் கிடக்கிற நாய் இல்லை. காவல் என்றார்கள். கூண்டு நாய் பூனைக்கும் குரைக்கும், காற்றுக்கும் குரைக்கும், தனிமை தாங்காமலும் குரைக்கும். கடைசியில் அது குரைத்தால் வீட்டில் யாரும் எழுந்திருப்பதே இல்லை. நிஜமாகவே ஒருவன் உள்ளே வந்தாலும் தாழ்ப்பாளுக்குப் பின்னால் இருந்து அது என்ன செய்யும்? ஒவ்வாமை என்றார்கள். அந்த வீட்டில் நாய் வளர்க்கவே வேண்டாம். ஒருவருக்கு மூச்சுத்திணறல் என்பதற்காக இன்னொரு ஜீவனைத் தனிமைச் சிறையில் வைப்பது எந்த ஊர் நியாயம்?

நடுவர் அவர்களே, மணி அடிப்பதற்குள் எங்கள் மணியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மா போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பெரியப்பா பேச்சை விட்டுவிட்டார். போன் செய்தால் ‘ம்’. பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும் ‘ம்’. பெற்ற பிள்ளைகளிடமே அவ்வளவுதான். ஒருநாள் இரவு நான் அங்கே தங்கினேன். நள்ளிரவில் பெரியப்பாவின் அறையிலிருந்து பேச்சுச் சத்தம். பதறி எழுந்து போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பெரியம்மா படுக்கிற பக்கத்தில், கீழே தரையில் மணி. “அவ இருந்திருந்தா இந்நேரம் விளக்கை அணைக்கச் சொல்லிச் சத்தம் போட்டிருப்பா, இல்லடா மணி?” என்று கேட்கிறார். மணி தலையைத் தூக்கி அவர் கண்ணையே பார்க்கிறது. எத்தனையோ நாளாக யாரிடமும் பேசாத மனிதர் பேசிக்கொண்டே இருக்கிறார்.

2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்க்கும்போது, இரண்டு பேர் உடம்பிலும் ஆக்சிடோசின் என்ற சுரப்பு கூடுகிறதாம். தாய்க்கும் பிள்ளைக்கும் பாசம் ஊறச் செய்வதும் அதே சுரப்புதான். மனிதர் கையால் வளர்த்த ஓநாய்களிடம் இதைப் பார்க்க முடியவில்லை. நாய்க்கு மட்டும் இது கிடைத்திருக்கிறது. நான் கேட்கிறேன், மணி கூண்டில் இருந்திருந்தால் பெரியப்பா யாரிடம் பேசியிருப்பார்? அந்த வயதில், நடு இரவில் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டு, டார்ச் எடுத்து, தாழ்ப்பாள் திறந்து, இருட்டில் கம்பிக்கு வெளியே நின்றா பெண்டாட்டியைப் பற்றிப் பேசுவார்?

ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடத்தில், 1914-இல் கல் வெட்டியவர்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டார்கள். சுமார் 14,000 ஆண்டுப் பழமை. ஒரு ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாயின் எலும்புகள். அந்த நாய்க்கு ஆறேழு மாதம்தான் வயது. பல்லை ஆராய்ந்தவர்கள், அதற்குக் குட்டியிலேயே டிஸ்டெம்பர் என்ற கொடிய நோய் வந்திருக்கிறது என்றார்கள். யாராவது பக்கத்தில் வைத்து, சுத்தம் செய்து, தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றாமல் அத்தனை வாரம் அது பிழைத்திருக்க முடியாது என்கிறார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத, நோயில் கிடந்த குட்டி அது. சுவரும் கதவும் வைத்த வீடு அந்த மனிதர்களுக்கு இருந்திருக்காது. இருந்த இடத்தில் அதற்கும் இடம் கொடுத்தார்கள். சாகும்போதும் பிரிக்கவில்லை. இன்று நமக்குச் சுவர் இருக்கிறது, கூரை இருக்கிறது, கூடம் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. ஒரு நாய் சுருண்டு படுக்க இடம் இல்லையா?

மணிக்கு இப்போது வயதாகிவிட்டது. இடுப்பு வலி. எழுந்திருக்க நேரமாகிறது. கண்ணில் வெண்மை படர்ந்துவிட்டது. பெரியப்பா தன் போர்வையில் ஒன்றை மடித்து அதற்கு விரித்திருக்கிறார். இரவில் அது தடுமாறி எழுந்தால் இவரும் எழுந்து கூடவே வெளியே போய் நின்று கூட்டி வருகிறார். வாசற்படியில் அதனால் கால் தூக்கி வைக்க முடிவதில்லை. வாசற்படி தாண்டக் கூடாது என்று சட்டம் போட்ட அதே மனிதர் குனிந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கி உள்ளே விடுகிறார்.

ஒரு நாயின் ஆயுள் பத்து, பதின்மூன்று வருஷம். அந்தக் கொஞ்ச காலத்தையும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று நம்மைப் பார்த்தே கழிக்க வேண்டுமா? நடுவர் அவர்களே, நாயின் இடம் வீட்டுக்குள்ளேதான் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.