ஆக்ஸிலேட்டர் கேபிள் ஏன் புகைந்தது? கிட் காரில் கார்புரேட்டர் டியூனிங், முதல் ஸ்டார்ட்டிலிருந்து

[திரையில்: உறை உருகிப்போன ஒரு கேபிள், கையில் பிடித்தபடி]

இதைப் பாருங்கள். பேட்டரி ஒயர் இல்லை இது. காலால் மிதித்தால், காற்றில் பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைத் திறக்கிற ஆக்ஸிலேட்டர் கேபிள். என் நண்பர் ஒருவர் இரண்டு வருடம் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து ஒரு கிட் காரை, அதாவது பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டுகிற காரை, கட்டி முடித்தார். முதல் தடவை சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு முனகு முனகியது, அவ்வளவுதான். அடுத்த நொடி இந்தக் கேபிளிலிருந்து புகை. பக்கத்தில் நின்ற எல்லோரும் 'கார்புரேட்டர் தீப்பிடித்துவிட்டது' என்று ஓடினார்கள். கார்புரேட்டர் பாவம், அதில் ஒரு துளி பெட்ரோல்கூட இன்னும் ஏறவில்லை.

வணக்கம். காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், வீடியோ முடியும் வரை காக்க வைக்க மாட்டேன். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸ் முழுக்கப் பவுடர் கோட்டிங். இரண்டு வழியாகவும் கரண்ட் போகாது. எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டையைப் போட மறந்துவிட்டார். ஸ்டார்ட்டருக்குப் போன அத்தனை கரண்டும் திரும்பி வர வழி தேடியது. எஞ்சினிலிருந்து உடம்புக்கு இரும்பால் போகிற ஒரே வழி ஆக்ஸிலேட்டர் கேபிள். அதன் வழியாகவே போய்விட்டது, கேபிள் உருகிவிட்டது. பெயின்ட்டைச் சுரண்டி ஒரு தடித்த எர்த் பட்டை போட்டதும் எஞ்சின் அழகாகச் சுற்றியது.

இந்தக் கதையோடு ஆரம்பிக்கக் காரணம் உண்டு. புதிதாகக் கட்டிய காரில் எது தப்பாக இருந்தாலும் பழி கார்புரேட்டர் மேல்தான் விழும். ஸ்க்ரூடிரைவரை எடுத்து முதலில் திருகுவதும் அதைத்தான். கடைசியாகத் தொட வேண்டியது அது.

பின்னணி, வேகமாக. லோட்டஸ் செவன் 1957-ல் வந்தது, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளலாம். 1973-ல் அதன் உரிமை கேட்டர்ஹாமுக்குப் போனது. இன்று உலகெங்கும் கட்டப்படும் கிட் கார்களில் ஏராளமானவை அந்த வடிவத்தின் வாரிசுகள். எடோர்டோ வெபர் 1923-ல் இத்தாலியின் பொலோன்யாவில் தொடங்கிய கம்பெனியின் டிசிஓஇ கார்புரேட்டர்தான் இன்று நம் கதாநாயகன். நான்கு சிலிண்டருக்கு இரண்டு கார்புரேட்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய். அதாவது ஒரு சிலிண்டருக்கு ஒரு வாய். எஸ்யூ என்ற வேறு வகை கார்புரேட்டர் வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம், அதற்குத் தனி வீடியோ வருகிறது.

சரி, கார்புரேட்டரைத் தொடும் முன் டேப்பெட் கேப், இக்னிஷன் டைமிங், பிளக், மேனிஃபோல்டில் (கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் குழாய்) காற்று கசிவு இவற்றைப் பார்த்துவிடுங்கள். பெடலை ஒருவர் முழுக்க மிதிக்க, நீங்கள் குனிந்து பட்டர்ஃப்ளை, அதாவது கார்புரேட்டர் வாய்க்குள் காற்றைத் திறந்து மூடும் வட்டத் தகடு, முழுக்கத் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கிட் காரில் பெடல் ஓரிடத்திலிருந்தும் கேபிள் வேறோரிடத்திலிருந்தும் வந்திருக்கும். முக்கால்வாசி மட்டுமே திறக்கிற பட்டர்ஃப்ளையோடு மாதக்கணக்கில் 'பவர் இல்லை' என்று புலம்பியவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் பெட்ரோல் பிரஷர். வெபருக்குச் சுமார் 3 பிஎஸ்ஐ போதும். கார் டயரில் அடிக்கிற காற்றில் பத்தில் ஒரு பங்கு! பழைய காரிலிருந்து கழற்றிய இன்ஜெக்ஷன் பம்பை அப்படியே மாட்டினால் அது 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட்டின் ஊசி வால்வு அதற்கு எப்படி ஈடு கொடுக்கும்? பெட்ரோல் வாய் வழியாக வழியும். தாழ் அழுத்த பம்பும் ரெகுலேட்டரும் போடுங்கள், பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர் ஒன்றும் இருக்கட்டும்.

[திரையில்: சுருள் வாஷர், மிக அருகில்]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பொருள். இந்தச் சின்னச் சுருள் வாஷர். கார்புரேட்டரை மேனிஃபோல்டில் பூட்டும்போது, நட்டுக்கு அடியில் இதை வைக்கிறார்கள், கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ரப்பர் வளையம் உள்ள ஒரு தகடு. நல்ல மெக்கானிக் யாராக இருந்தாலும் நட்டைக் கண்டால் கை தானாக இறுக்கப் பார்க்கும். இதை இறுக்கக் கூடாது! சுருள்களுக்கு நடுவே சுமார் 0.5 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். கார்புரேட்டரைக் கையால் பிடித்து ஆட்டினால் லேசாக அசைய வேண்டும்.

ஏன்? நான்கு சிலிண்டர் எஞ்சின் அதிர்கிறது. இறுக்கிப் பூட்டினால் அந்த அதிர்வு அப்படியே ஃப்ளோட் அறைக்குப் போய்ப் பெட்ரோலை நுரைக்க வைக்கும். பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட் வழியாகப் பெட்ரோலுக்குப் பதில் நுரை போனால் எஞ்சின் குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் திணறும். அதே ஆர்பிஎம்மில், ஒவ்வொரு தடவையும். ஜெட் மேல் ஜெட்டாக மாற்றினாலும் போகாது. ஒரு வாஷர் செய்கிற வேலை இது என்று யார் நினைப்பார்கள்?

இனி டியூனிங். இதற்கு சிங்க்ரோமீட்டர் என்று காற்றை அளக்கும் கருவி உண்டு, நல்ல கருவி. ஆனால் நீங்கள் முதலில் பழக வேண்டியது இதோ, இந்த 60 செ.மீ. ரப்பர் டியூப்.

[திரையில்: டியூபின் ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாய் ஓரத்தில்]

ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். ஐடிலிங் 900, 1000 ஆர்பிஎம்மில் நிற்கட்டும். டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதல் வாயின் விளிம்பில் வையுங்கள். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல் கேட்கும். அந்தச் சுருதியை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வாய்க்குப் போங்கள். ஒரு விஷயம், டியூபை எல்லா வாயிலும் ஒரே இடத்தில் பிடிக்க வேண்டும். முதல் வாயில் ஓரத்திலும் அடுத்ததில் நடுவிலும் பிடித்தால் சத்தம் மாறும், ஏமாந்துபோவீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முகத்தை வாய்க்கு நேரே கொண்டுபோகாதீர்கள். லீன் ஆக (பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும்) ஓடும் எஞ்சின் எப்போது திருப்பித் துப்பும் என்று சொல்ல முடியாது, சில சமயம் நெருப்போடு.

முன் கார்புரேட்டர் கனமாகச் சீறி, பின் கார்புரேட்டர் மெல்லியதாக விசில் அடிக்கிறதா? இரண்டையும் இணைக்கும் கம்பியில் இருக்கும் பேலன்ஸ் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். திருப்பத் திருப்ப இரண்டு சத்தமும் ஒன்றையொன்று நெருங்கி வரும். வீணையில் சுருதி சேர்ப்பவரைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். ஒரு இடத்தில் இரண்டும் ஒன்றாகும். அந்தக் கணத்தில் ஷேக் அடித்துக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று அடங்கும், பானட் நடுக்கம் நிற்கும். எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அலுக்காத கணம் அது.

ஒரே கார்புரேட்டரின் இரண்டு வாய்க்குள் வித்தியாசம் இருந்தால்? இரண்டு பட்டர்ஃப்ளையும் ஒரே தண்டில் இருப்பதால் பேலன்ஸ் திருகு உதவாது. புதிய மாடல்களில் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பைபாஸ் காற்றுத் திருகு உண்டு. குறைவாக இழுக்கும் வாயில் மட்டும் அதைத் திறங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் தண்டு முறுக்கிக்கொண்டிருக்கலாம், அதைத் திருகால் மறைக்க வேண்டாம். பிறகு கேபிளை இழுத்து 2000 ஆர்பிஎம்மில் இன்னொரு தடவை கேளுங்கள். ஐடிலிங்கில் சமமாக இருந்து இங்கே மாறினால் கோளாறு லிங்கேஜில், அதாவது கார்புரேட்டர்களை இணைக்கும் கம்பி அமைப்பில்.

அடுத்து, ஐடிலிங்கில் ஒவ்வொரு வாய்க்கும் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் நான்கு மிக்ஸர் திருகுகள். நைஸ் மரை உள்ளவற்றை முழுக்க மூடி இரண்டரைச் சுற்று திறந்து தொடங்குங்கள், பழைய கரடு மரைக்கு ஒரு சுற்று. ஒவ்வொன்றாக, கால் சுற்றுக்கும் குறைவாக. மூடினால் லீன் ஆகி ஆர்பிஎம் விழும். திறந்துகொண்டே வந்து எஞ்சின் நன்றாக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள்.

இப்போது நான் சொல்வதைப் பலர் நம்புவதில்லை. சாதாரணமாகச் சாலையில் நிதானமாக ஓட்டும்போது மெயின் ஜெட்டுக்குப் பெரிதாக வேலையே இல்லை. சுமார் 3000 ஆர்பிஎம் வரை, பெடலை லேசாக மிதிக்கும் வரை, பெட்ரோல் வருவது ஐடில் ஜெட் வழியாகத்தான். பட்டர்ஃப்ளை நகரும்போது புரோகிரஷன் துளைகள் ஒவ்வொன்றாகத் திறந்து அதே ஜெட்டிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. மெதுவாக மிதிக்கும்போது கார் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறதா? மெயின் ஜெட்டை விட்டுவிட்டு ஐடில் ஜெட்டைப் பாருங்கள். மிக்ஸர் திருகைத் தொடங்கிய இடத்தைவிட மிக அதிகமாகத் திறந்தால்தான் எஞ்சின் ஓடுகிறது என்றால் ஜெட் சிறியது. கிட்டத்தட்ட மூடினாலும் ஓடுகிறது என்றால் பெரியது.

இந்த ஜெட்டின் பெயரில் ஒரு வேடிக்கை. '45எஃப்9' என்று எழுதியிருக்கும். 45 என்றால் பெட்ரோல் துளை 0.45 மி.மீ. எஃப்9 என்பது காற்றுத் துளையின் குறியீடு. அதை ஏறுவரிசை என்று நினைத்துவிடாதீர்கள். எஃப்9-ஐவிட எஃப்6 ரிச் (பெட்ரோல் அதிகம்), எஃப்8 லீன், எஃப்2 இன்னும் லீன்! கையில் வரிசைப் பட்டியல் இல்லாமல் ஜெட் வாங்கப் போகாதீர்கள்.

மெயின் ஜெட்டுக்கு ஒரு கணக்கு போதும். சோக் அளவை, அதாவது வாய்க்குள் குறுகும் வளையத்தின் விட்டத்தை மி.மீ.யில், நான்கால் பெருக்குங்கள். 36 சோக்குக்கு 144, அதாவது 145. அதோடு 50 கூட்டினால் ஏர் கரெக்டர் (மெயின் ஜெட்டின் பெட்ரோலோடு காற்றைக் கலக்கும் ஜெட்), 195. இது தொடக்கம்தான். முழு பெடலில் ஓட்டி, புகையைப் பார்த்துக் கலவையை அளக்கும் வைட்பேண்ட் லாம்டா மீட்டரில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5-லிருந்து 13-க்குள் வருகிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் காரில் சோக் எத்தனை, ஐடில் ஜெட் எது, மிக்ஸர் திருகு எத்தனைச் சுற்று? மூன்றையும் கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் போடுகிறேன். இப்போது கடைசியாக நண்பரின் கார், டியூனிங்குக்கு முன்னும் பின்னும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.

[ஒலி: நான்கு வாய்களின் சீறல், முதலில் கலைந்து, பிறகு ஒன்றாக]