சாமக்கொடையில ஃப்ளாஷ் ஏன் திணறுது? எந்த பேட்டரி போடலாம்?

(காட்சி: பந்த வெளிச்சம், மேளம், சாமியாட்டம்)

வணக்கம். நம்ம திருநெல்வேலிப் பக்கம் கொடை, கல்யாணம்னு போட்டோ எடுக்கிறவங்களுக்கான வீடியோ இது. கோயில் கொடையில நடுராத்திரி நடக்கிற சாமக்கொடையில மேளம் உச்சத்துக்கு ஏறும், சாமியாடி சட்டுனு நம்ம பக்கம் திரும்புவார். பட்டனை அமுக்கினா ஃப்ளாஷ் அடிக்காது, இன்னும் சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கும். கேமராவைத் திட்டாதீங்க. ஃப்ளாஷுக்குள்ள இருக்கிற நாலு பென்சில் பேட்டரியைப் பாருங்க.

(திரையில்: அல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜபிள் 1.2 வோல்ட்)

இந்த ரெண்டு நம்பரைப் பார்த்துத்தான் பலபேர் ஒருதடவை மட்டும் பயன்படுத்துற அல்கலைன் வாங்குறாங்க. அந்த 1.5, பேட்டரி சும்மா இருக்கிறப்போ உள்ள கணக்கு. புது அல்கலைனுக்குள்ளயே ஏறத்தாழ 0.15 ஓம் தடை இருக்கு. ஃப்ளாஷ் 2 ஆம்பியர் இழுத்தா 0.3 வோல்ட் உள்ளயே சூடாப் போயிரும். மிச்சம் 1.2தான். தீரத் தீர தடையும் கூடும், ஃப்ளாஷ் தயாராகுற நேரமும் இழுத்துக்கிட்டே போகும். ‘தீந்துபோச்சு’ன்னு கழட்டுற அந்தக் கட்டையைச் சுவர்க்கடிகாரத்துல போடுங்க, மாசக்கணக்குல ஓடும். அவ்வளவு சக்தியைக் குப்பையில போடுறதைப் பார்த்தா மனசு கேக்கல.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள்ல உள்தடை பல மடங்கு கம்மி. கேட்ட கரண்டைக் கொடுக்கும், கடைசி வரைக்கும் 1.2 பக்கத்துலயே நிக்கும். ஃப்ளாஷுக்கு இதைத்தான் போடணும், சந்தேகமே வேண்டாம். வில்லுப்பாட்டுக்காரங்களோட கார்ட்லெஸ் மைக்குக்கும் இதுவே நல்லது.

(காட்சி: சார்ஜர், பேட்டரி அட்டை)

வாங்கும்போது, சும்மா வச்சாலும் சார்ஜ் சீக்கிரம் இறங்காத வகையாக் கேளுங்க. 2005-ல சான்யோ கொண்டுவந்த எனலூப் அந்த வகைதான். பழைய வகை ஒரு மாசம் பையில கிடந்தாலே நல்லா இறங்கிரும். சார்ஜ் கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர்-ஹவர் (mAh) இருந்தா தாராளம். பென்சில் சைஸ்ல 3000-க்கு மேல போட்டிருந்தா நம்பாதீங்க.

சார்ஜர் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாப் பார்த்து நிறுத்துறதா இருக்கணும். நாலையும் ஒரு செட்டா மார்க்கர்ல குறிச்சு வைங்க. பழசும் புதுசும் கலந்தா பலவீனமான கட்டை தலைகீழாச் சார்ஜ் ஆகிக் கெட்டுப்போகும். பாளையங்கோட்டை வெயில்ல நிக்கிற காருக்குள்ளயும் விட்டுராதீங்க.

ரிமோட்டுக்கும் கடிகாரத்துக்கும் சாதா பேட்டரி போதும். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி சமயத்துக்குன்னு எடுத்துவைக்கிற டார்ச்சுக்கு, ஒருதடவை மட்டும் பயன்படுத்துற 1.5 வோல்ட் லித்தியம் பேட்டரி வாங்குங்க. விலை கூடத்தான், ஆனா வருஷக்கணக்குல கிடந்தாலும் சார்ஜ் நிக்கும். அல்கலைன் மாதிரி கசிஞ்சு டார்ச்சை அரிக்கிற பயமும் ரொம்பக் கம்மி.